இரண்டு மருந்துக்கும் நிற்காத வலிப்பு: குழந்தைக்கு அறுவை சிகிச்சை பலன் தருமா என்று பார்க்கும் பரிசோதனைகள் பற்றி பெற்றோர் கேட்கும் கேள்விகள்

வலிப்பு நோய் உள்ள குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவராக என் முன் வந்து உட்காரும் பெற்றோரில் பாதிப் பேர், "தலையைத் திறக்கணும்னு சொல்லி இங்கே அனுப்பிட்டாங்க டாக்டர்" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அப்படி யாரும் முடிவு செய்திருக்க மாட்டார்கள். அறுவை சிகிச்சை இந்தக் குழந்தைக்கு உதவுமா, உதவாதா என்று தெரிந்துகொள்ளச் சில பரிசோதனைகள் செய்யச் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பயத்திலேயே இரண்டு வருடம், மூன்று வருடம் தள்ளிப்போட்டவர்கள் நிறைய. அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எத்தனை மருந்து கொடுத்தும் நிற்கவில்லை என்றால் இந்தப் பரிசோதனைக்கு வர வேண்டும்?

இரண்டு. குழந்தையின் வலிப்பு வகைக்குப் பொருத்தமான, உடம்புக்கு ஒத்துக்கொண்ட இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்துப் பார்த்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2010-ல் வகுத்த வரையறை இது. இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்திருந்தாலும் சரி, சேர்த்துக் கொடுத்திருந்தாலும் சரி.

மூன்றாவது மாத்திரை ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகிறது. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே டாக்டர்?

மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. அது பாட்டுக்கு ஓடட்டும். பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2000-ல் வெளியானது. அதற்கு முன் எந்த மருந்தும் எடுத்திராத 470 பேரில் முதல் மருந்திலேயே வலிப்பு நின்றவர்கள் 47 சதவீதம். இரண்டாவது மருந்தில் நின்றவர்கள் 13 சதவீதம். மூன்றாவது மருந்தில் நின்றவர்கள் வெறும் 1 சதவீதம். அதற்குப் பிறகு எத்தனையோ புது மருந்துகள் வந்துவிட்டன. மூன்றாவதிலும் நான்காவதிலும் நின்ற குழந்தைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அடுத்த மாத்திரை நிச்சயம் கேட்கும் என்று நம்பிக் காத்திருக்க இந்தக் கணக்கு இடம் தரவில்லை.

பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இதில் பெரிய வித்தியாசம் உண்டு. முப்பது வயதுக்காரர் பேசவும் படிக்கவும் கற்று முடித்தவர். இரண்டு வயதுக் குழந்தை அதையெல்லாம் இனிமேல்தான் கற்க வேண்டும். தினமும் பத்து முறை வலிப்பு வந்தால் அந்த மூளை எப்போது கற்கும்? நான் பயிற்சி முடித்து வந்த புதிதில், ஒரு சிறுமிக்கு ஐந்து மருந்துகள் வரை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் போய்விட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளுக்கு வலிப்பு நின்றது. இழந்த பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. அந்த மூன்று வருடம் என் தப்பு. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மருந்து வேலை செய்யவில்லை என்பதை முதலில் எப்படி உறுதி செய்வீர்கள்?

இந்தக் கேள்வியைப் பெற்றோர் அதிகம் கேட்பதில்லை, கேட்க வேண்டும். மருந்துக்கு அடங்கவில்லை என்று அனுப்பப்படும் குழந்தைகளில் சிலருக்கு உண்மையில் மருந்து தோற்றிருக்காது.

எட்டு கிலோ எடையில் எழுதிய சிரப் அளவு, குழந்தை பதினைந்து கிலோ ஆன பிறகும் மாறாமல் இருக்கும். பள்ளி நாட்களில் காலை டோஸ் விட்டுப்போயிருக்கும். அடுத்து, மருந்து தவறான வகையாக இருக்கலாம். டிராவே நோய் என்ற மரபணு வகை வலிப்பு உள்ள குழந்தைக்கு கார்பமாசெபின், லாமோட்ரிஜின் போன்றவை வலிப்பைக் கூட்டிவிடும். திடீர் திடீரென்று கை வெட்டி இழுக்கும் வகை வலிப்பிலும் கார்பமாசெபின் நிலைமையை மோசமாக்கலாம். அந்த மருந்தை நிறுத்தியதுமே தெளிந்த குழந்தைகள் உண்டு.

இன்னொன்று, வந்தது வலிப்பே இல்லாமல் இருப்பது. அழுது மூச்சடைத்து நீலம் பாரிப்பது, மயங்கி விழுவது, கண் சிமிட்டும் பழக்கம், தூக்கத்தில் உடம்பு துள்ளுவது எல்லாம் பார்க்க வலிப்பு மாதிரியே இருக்கும். சில அபூர்வ வளர்சிதை மாற்றக் குறைகளுக்கு மருந்தே வேறு. பைரிடாக்சின் என்ற வைட்டமின் பி6 கொடுத்தால் மட்டும் அடங்கும் வலிப்பு ஒன்று உண்டு. மூளைக்குள் குளுக்கோஸ் போகாத குறை ஒன்று உண்டு, அதற்குக் கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவுதான் வைத்தியம். இவற்றைச் சரிபார்க்காமல் யாரும் அறுவை சிகிச்சைப் பேச்சுக்கே போகக் கூடாது.

எந்த மாதிரிக் குழந்தைகளுக்கு இது உதவும்?

மூளையின் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து வலிப்பு கிளம்பி, அந்த இடத்தை எடுத்தால் குழந்தை பெரிதாக எதையும் இழக்காது என்ற நிலை இருந்தால் உதவும்.

குழந்தைகளில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது, கருவிலேயே மூளையின் மேற்பட்டை ஒரு இடத்தில் சரியாக அடுக்கப்படாமல் போன குறை. அப்புறம் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ். அதில் தோலில் வெளிர்ந்த புள்ளிகளும் மூளையில் பல முடிச்சுகளும் இருக்கும், ஆனால் வலிப்பைத் தூண்டுவது அவற்றில் ஒன்றாகவே இருக்கலாம். மெதுவாக வளரும் சிறு கட்டிகள், பிறக்கும் முன்போ பிறக்கும்போதோ ரத்த ஓட்டம் அடைபட்டதால் ஒரு பக்க மூளையில் விழுந்த தழும்பு, முகத்தில் செந்நிற மச்சத்துடன் வரும் ஸ்டர்ஜ்-வெபர் நோய், ஒரு பக்க மூளையை மட்டும் மெல்ல மெல்ல அரிக்கும் ராஸ்முசன் அழற்சி ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சில குழந்தைகள் காரணமே இல்லாமல் சில நொடிகள் சிரிப்பார்கள். கண்ணில் சந்தோஷம் இருக்காது, உதடு மட்டும் சிரிக்கும். வீட்டில் அதை விளையாட்டு என்று நினைத்திருப்பார்கள். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் பகுதியில் இருக்கும் ஒரு சிறு முடிச்சால் வரும் வலிப்பு அது. பெரும்பாலும் மருந்துக்கு அடங்காது. உங்கள் குழந்தை அப்படிச் சிரித்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வீடியோ இஇஜி என்று மூன்று நாள் படுக்கச் சொல்கிறார்கள். ஏற்கெனவே இஇஜி எடுத்தாயிற்றே?

இஇஜி என்பது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை. நீங்கள் வெளிநோயாளியாக எடுத்தது அரை மணி நேரம். அதற்குள் வலிப்பு வந்திருக்காது. நமக்கு வேண்டியது வலிப்பு வரும் அந்தக் கணத்தில் மூளையின் எந்த மூலையில் மின் அலை முதலில் கிளம்புகிறது என்பது. அதற்குக் குழந்தையை கேமராவின் முன் இரவு பகலாக வைத்திருந்து, வழக்கமாக வரும் வலிப்பை இரண்டு மூன்று முறையாவது பதிவு செய்ய வேண்டும். தினமும் வலிப்பு வரும் குழந்தைக்கு ஒரே நாளில் முடிந்துவிடலாம். வாரம் ஒருமுறை வருபவருக்கு ஐந்து நாள்கூட ஆகலாம்.

தலையில் சிறு உலோக வட்டுகளைப் பசையால் ஒட்டி, துணி சுற்றிவிடுவார்கள். மொட்டை அடிக்க மாட்டார்கள். முதல் நாள் தலைக்குக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல் கூட்டி வாருங்கள். எண்ணெய் இருந்தால் வட்டு ஒட்டாது. தலை வழியாகப் போடும் சட்டை வேண்டாம், முன்னால் பட்டன் உள்ளதாக எடுத்து வாருங்கள்.

அம்மாவோ அப்பாவோ கூடவே இருக்க வேண்டும். வலிப்பு தொடங்கியதும் கையில் கொடுத்திருக்கும் பட்டனை அழுத்திவிட்டு, போர்வையை விலக்குங்கள். கேமராவுக்கும் குழந்தைக்கும் நடுவில் நிற்காதீர்கள். பாசத்தில் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துவிடுவார்கள், புரிகிறது, ஆனால் அப்போது பதிவில் அம்மாவின் முதுகுதான் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கையைத் தூக்கச் சொல்லுங்கள். "யானை" என்று ஒரு வார்த்தை சொல்லி, தெளிந்த பிறகு அது நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்ல முடிகிறதா, எப்போதிலிருந்து முடிகிறது என்பதிலிருந்து மொழிப் பகுதி எந்தப் பக்கம் என்பதற்குக் குறிப்பு கிடைக்கும்.

நாங்கள் கவனிக்கும் சில விஷயங்கள் விநோதமாகத் தோன்றும். ஒரு கை விறைத்து முறுக்கிக்கொண்டால் வலிப்பு பெரும்பாலும் எதிர்ப்பக்க மூளையிலிருந்து வருகிறது. வலிப்பு முடிந்ததும் குழந்தை எந்தக் கையால் மூக்கைத் துடைக்கிறதோ, பல நேரம் அந்தப் பக்க மூளையில்தான் அது தொடங்கியிருக்கும்.

வலிப்பு வருவதற்காக மருந்தைக் குறைப்பார்களாமே? ஆபத்தில்லையா?

சிலருக்குக் குறைப்போம். கையில் ஊசி வழி போட்டு, அவசர மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செவிலியர் பார்வையில் மட்டும். அடிக்கடி வலிப்பு வரும் குழந்தைகளுக்கு அதற்குத் தேவையே வராது. வீட்டில் நீங்களாக ஒருபோதும் குறைக்காதீர்கள். "நாளைக்கு டெஸ்ட், வலிப்பு வந்தால் நல்லது" என்று முந்தின நாள் இரவு டோஸை விட்டுவிட்டு, பேருந்தில் வரும் வழியிலேயே நிற்காத வலிப்பில் மாட்டிய குடும்பங்கள் உண்டு.

வீட்டில் செல்போனில் எடுத்த வீடியோ பயன்படுமா?

மிகவும். சில சமயம் இஇஜியை விட அதிகமாகச் சொல்லிவிடும். விளக்கைப் போடுங்கள், முகம் மட்டுமில்லாமல் கை கால் எல்லாம் தெரியும்படி எடுங்கள், குழந்தை தெளியும்வரை நிறுத்தாதீர்கள். ஒருவர் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் எடுக்கட்டும். தனியாக இருந்தால் வீடியோவை மறந்துவிட்டுக் குழந்தையைப் பாருங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. வாயில் கரண்டியோ துணியோ வைப்பது ஆபத்து. ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவர் சொல்லிக்கொடுத்த மூக்கு ஸ்பிரேயை அடித்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

எம்ஆர்ஐ நார்மல் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. அப்புறம் எதை எடுக்கப் போகிறார்கள்?

எந்த எம்ஆர்ஐ என்று முதலில் பார்க்க வேண்டும். தலைவலிக்கு எடுப்பது போன்ற சாதாரண எம்ஆர்ஐயில் ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு துண்டாகப் படம் இருக்கும். மூளை மேற்பட்டையின் தடிமனே சில மில்லிமீட்டர்தான். அதில் உள்ள சிறு குறை இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். வலிப்புக்கென்று தனி முறையில், முடிந்தால் 3 டெஸ்லா காந்த சக்தி உள்ள இயந்திரத்தில், ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு துண்டாக எடுக்க வேண்டும்.

படிப்பவரின் கண்ணும் முக்கியம். "வலது பக்க நெற்றி மடலில் சந்தேகம்" என்று இஇஜி குறிப்போடு அதே படத்தை மறுபடி பார்த்து, முதலில் யாரும் காணாத குறையைக் கண்டுபிடிப்பது எங்கள் பிரிவில் வாடிக்கை. அதனால் ஃபிலிமை மட்டும் கொண்டுவராமல் சிடியையும் கேட்டு வாங்கி வாருங்கள். ஃபிலிமில் இருக்கும் சில படங்களை வைத்து இதைச் செய்ய முடியாது.

வயதும் ஒரு காரணம். பிறந்து ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை மூளை நரம்புகளின் மேல் உறை வளர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் சாம்பல் நிறப் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது, குறை மறைந்துவிடும். ஒரு வயதில் எடுத்து நார்மல் என்று வந்திருந்தால், இரண்டரை வயதில் மறுபடி எடுப்பது வீண் செலவில்லை.

பெட், ஸ்பெக்ட், எம்இஜி என்று அடுக்கிக்கொண்டே போகிறார்களே, எல்லாம் வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டாம். எம்ஆர்ஐயில் குறை தெளிவாகத் தெரிந்து, வீடியோ இஇஜியும் அதே இடத்தைக் காட்டினால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் மற்றவை.

பெட் ஸ்கேன் மூளை எங்கே குளுக்கோஸைக் குறைவாக எடுக்கிறது என்று காட்டும். வலிப்பு கிளம்பும் இடம் மற்ற நேரத்தில் மந்தமாக இருக்கும். ஸ்பெக்டில், வலிப்பு தொடங்கிய சில நொடிகளுக்குள் ஊசி மருந்தைச் செலுத்தி ரத்தம் எங்கே பாய்ந்தது என்று பார்ப்பார்கள். எம்இஜி மூளையின் காந்த அலைகளைப் பதிவு செய்யும். இந்தியாவில் மிகச் சில இடங்களில்தான் இருக்கிறது, பெங்களூரு நிமான்ஸ் அதில் ஒன்று. எதற்காக இந்த ஸ்கேன், அதன் முடிவால் என்ன மாறும் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியால் எந்த நல்ல மருத்துவரும் கோபப்பட மாட்டார்.

இஇஜியில் இரண்டு பக்கமும் கோளாறு என்கிறார்கள். அப்படியென்றால் வாய்ப்பே இல்லையா?

அப்படி இல்லை. பெரியவர்களில் அது ஒரு தடை. குழந்தைகளில், பிறவியிலேயே அல்லது பிறந்த சில வருடங்களுக்குள் ஒரு பக்கம் விழுந்த குறை, வளரும் மூளை முழுவதையும் கலைத்துவிட்டு இரு பக்கமும் கோளாறு போலக் காட்டலாம். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் மருத்துவர்கள் 2007-ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். எம்ஆர்ஐயில் ஒரு பக்கம் மட்டும் தழும்பு இருந்து, இஇஜி மட்டும் இரு பக்கமும் மோசமாக இருந்த குழந்தைகளிலும் அறுவை சிகிச்சை நல்ல பலன் தந்திருந்தது. இஇஜி ரிப்போர்ட்டில் உள்ள ஒரு வரியை வைத்து வேண்டாம் என்று முடிவு செய்யாதீர்கள்.

மனநல மருத்துவரிடம் ஏன் அனுப்புகிறார்கள்? என் பிள்ளைக்குப் பைத்தியமா?

இல்லவே இல்லை. அவர் நரம்பியல் உளவியலாளர். நினைவாற்றல், மொழி, கவனம், கை வேலை எல்லாவற்றையும் விளையாட்டு மாதிரி சோதிப்பார். ஏதேனும் ஒரு திறன் மட்டும் வயதுக்குக் குறைவாக இருந்தால், அதற்கான மூளைப் பகுதி ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கிறது என்று புரியும். நன்றாக வேலை செய்யும் பகுதியில் கை வைக்கக் கூடாது என்பதும் இதில் தெரியும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கவும் இது வேண்டும். வீட்டில் தமிழ் பேசும் குழந்தையை இங்கிலீஷில் சோதித்தால் முடிவு பொய்யாக இருக்கும். வெளி மாநிலத்தில் செய்தால், தமிழில் செய்ய ஆள் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மரபணுப் பரிசோதனையில் குறை தெரிந்தால் அறுவை சிகிச்சை கிடையாதா?

எந்த மரபணு என்பதைப் பொறுத்தது. டிராவே நோய்க்குக் காரணமான எஸ்சிஎன்1ஏ என்றால் பொதுவாகக் குறைப் பகுதியை எடுக்கும் பேச்சே இல்லை. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் மரபணுவோ, மேற்பட்டைக் குறையை உண்டாக்கும் வகையோ என்றால் வாய்ப்பு உண்டு.

மூளைக்குள் கம்பி வைத்துப் பார்க்க வேண்டும் என்றால்?

வெளியிலிருந்து எடுத்த எல்லாச் சோதனைகளும் சேர்ந்தும் இடத்தைத் தெளிவாகக் காட்டவில்லை என்றால், அல்லது அந்த இடம் பேச்சு, கை அசைவுப் பகுதிகளுக்கு மிக அருகில் இருந்தால் மட்டும். மண்டை ஓட்டில் மிகச் சிறு துளைகள் போட்டு, மெல்லிய மின்முனைகளை உள்ளே வைத்து, சில நாட்கள் வலிப்பைப் பதிவு செய்வார்கள். ரத்தக் கசிவு, கிருமித் தொற்று அபாயம் சிறிதளவு உண்டு. பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தக் கட்டம் வராது.

கடைசியில் முடிவு யார் எடுக்கிறார்கள்?

குழந்தை நரம்பியல் மருத்துவர், வலிப்பு அறுவையில் பழக்கமுள்ள நரம்பு அறுவை சிகிச்சை நிபுணர், படம் படிக்கும் கதிரியல் நிபுணர், உளவியலாளர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் பேசுவோம். செய்யலாம், இன்னும் ஒரு சோதனை வேண்டும், வேண்டாம் என்று மூன்றில் ஒன்று சொல்வோம். செய்யலாம் என்று நாங்கள் சொன்ன பிறகும் கடைசி வார்த்தை உங்களுடையது. எல்லாம் முடித்துவிட்டு "யோசித்துச் சொல்கிறோம்" என்று போனவர்கள் உண்டு, ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தவர்களும் உண்டு. யாரையும் நாங்கள் திட்டியதில்லை.

"பாதி மூளையை எடுத்துவிடுவார்கள்" என்று கேள்விப்பட்டோம். அது உண்மையா?

பயந்துபோய்த் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி இது.

பெரும்பாலான அறுவைகளில் எடுப்பது ஒரு சிறு குறைப் பகுதியை அல்லது பொட்டெலும்புக்கு உள்ளே இருக்கும் மடலின் முன்பகுதியை. ஒரு பக்க மூளை முழுவதுமே கெட்டு, வலிப்பு அங்கிருந்து மட்டும் வரும் குழந்தைகளுக்கு ஹெமிஸ்பெரோடமி என்ற அறுவையைச் செய்வார்கள். இதில் பாதி மூளையை வெளியே எடுப்பதில்லை. அதன் இணைப்புகளை மறு பக்கத்திலிருந்து துண்டித்துவிடுவார்கள். அந்தப் பக்கம் தலைக்குள்ளேயே, ரத்த ஓட்டத்தோடு, யாருக்கும் தொந்தரவு தராமல் இருக்கும்.

இழப்பை மறைக்கக் கூடாது. எதிர்ப்பக்கக் கை விரல்களால் நுணுக்கமான வேலை செய்ய முடியாமல் போகும். பார்வையில் ஒரு பக்கப் பாதி தெரியாது, சாலை கடக்கும்போது அந்தப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஆனால் இந்த அறுவைக்கு வரும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தக் கை ஏற்கெனவே பலவீனமாகத்தான் இருக்கும். நடந்துகொண்டிருந்த குழந்தைகள் பயிற்சிக்குப் பிறகு பெரும்பாலும் மறுபடி நடக்கிறார்கள். இடது பக்கம் என்றால் பேச்சு என்ன ஆகும் என்ற கவலை நியாயமானது. சிறு வயதிலேயே குறை வந்திருந்தால் மொழி வலது பக்கத்துக்கு மாறியிருக்கும், அல்லது மாறக்கூடிய நிலையில் இருக்கும். ஐந்தாறு வயது தாண்டினால் அந்த நெகிழ்வு குறையத் தொடங்குகிறது. சீக்கிரம் வாருங்கள் என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

குழந்தை ரொம்பச் சின்னது. பெரிதாகட்டும் என்று காத்திருக்கலாமா?

வயதுக்குக் கீழ் எல்லை என்று ஒன்றில்லை. கைக்குழந்தைகளுக்கும் செய்கிறார்கள். ஆனால் ஐந்து கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே ஏறக்குறைய 400 மில்லிதான். கொஞ்சம் ரத்தம் போனாலும் அது பெரிய இழப்பு. அதனால் இவ்வளவு சிறிய குழந்தைகளுக்கு, அதில் பழக்கமுள்ள மயக்க மருந்து நிபுணரும் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவும் இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும். வலிப்பு கடுமையாக இருந்து வளர்ச்சி பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தால் காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து.

வலிப்பு நின்றுவிடும் என்று உத்தரவாதம் உண்டா?

உத்தரவாதம் யாராலும் தர முடியாது. ஆனால் நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது, உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படுவது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 18 வயதும் அதற்குக் கீழும் உள்ள 116 பேரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். 57 பேருக்கு அறுவை சிகிச்சை. 59 பேர் காத்திருப்புப் பட்டியலில் மருந்தோடு மட்டும் தொடர்ந்தார்கள். ஒரு வருடம் கழித்து முதல் குழுவில் 77 சதவீதம் பேருக்கு வலிப்பு இல்லை. இரண்டாம் குழுவில் 7 சதவீதம். 2017-ல் இந்த முடிவு வெளியானது.

உங்கள் குழந்தைக்கு இதே சதவீதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எம்ஆர்ஐயில் தெளிவாகத் தெரியும் குறையை முழுதாக எடுக்க முடிந்தால் வாய்ப்பு அதிகம். படத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்றால் குறைவு. உங்கள் குழந்தையின் கணக்கு என்ன என்று எண்ணாகவே கேளுங்கள்.

என்ன ஆபத்து?

அதே எய்ம்ஸ் ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களில் 33 சதவீதம் பேருக்குக் கடுமையான பக்க விளைவுகள் இருந்தன. 15 குழந்தைகளுக்கு ஒரு பக்கக் கை கால் பலவீனம். அறுவை நடந்த இடத்தை வைத்து முன்கூட்டியே எதிர்பார்த்த இழப்புகள் அவை. இது தவிர ரத்தக் கசிவு, தொற்று, மூளை நீர் தேங்குதல் போன்ற எதிர்பாராதவையும் வரலாம். "நிச்சயம் வரக்கூடியது எது, வந்தாலும் வரலாம் என்பது எது" என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொரு தட்டில், நிற்காத வலிப்பின் ஆபத்தையும் வைக்க வேண்டும். கீழே விழுந்து அடிபடுவது, தண்ணீரில் மூழ்குவது, தூக்கத்திலேயே உயிர் போய்விடுவது. கடைசியாகச் சொன்னது அபூர்வம், வலிப்பு உள்ள குழந்தைகளில் வருடத்துக்கு ஏறக்குறைய 4,500 பேரில் ஒருவர். வலிப்பு அடங்காதவர்களிடம் அது கூடுதல். பெற்றோரைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதிலும் ஆபத்து இருக்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அறுவை முடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

உடனே இல்லை. வலிப்பு இல்லாமல் சில காலம் போன பிறகு ஒவ்வொன்றாக மெதுவாகக் குறைப்போம். சிலருக்கு முழுதாக நிற்கும், சிலருக்கு ஒரு மருந்து தொடரும்.

அறுவை சிகிச்சைக்கு ஏற்றதில்லை என்று சொல்லிவிட்டால்?

அந்தப் பதிலைக் கேட்டுப் பெற்றோர் அழுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பரிசோதனை வீணாகவில்லை. வலிப்பின் வகை இப்போது சரியாகத் தெரியும், மருந்தைத் திருத்த முடியும். கீட்டோஜெனிக் உணவு ஒரு நல்ல வழி. இட்லி, சாதத்தை விட்டுவிட்டு முட்டை, பனீர், தேங்காய் எண்ணெய், வெண்ணெய் என்று உணவியல் நிபுணர் அளந்து தரும் உணவு அது. லண்டனில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்தில் 38 சதவீதக் குழந்தைகளுக்கு வலிப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. நீங்களாக வீட்டில் ஆரம்பிக்கக் கூடாது. கழுத்து நரம்பைத் தூண்டும் கருவி இருக்கிறது. திடீரென்று தொப்பென்று விழுந்து மண்டை உடைத்துக்கொள்ளும் குழந்தைகளுக்கு, இரு பக்க மூளையை இணைக்கும் பாலத்தைத் துண்டிக்கும் அறுவை உண்டு. அதில் வலிப்பு முழுதாக நிற்பது குறைவு, விழுவது குறையும்.

ஒரு இடத்தில் வேண்டாம் என்றால், இரண்டு வருடம் கழித்துப் புது எம்ஆர்ஐயோடு மறுபடி கேட்கவும் செய்யலாம்.

இதெல்லாம் எங்கே செய்கிறார்கள்? பணம்?

நம் பக்கத்தில் இது புதிதில்லை. கனடாவின் மான்ட்ரியலில் பயின்று வந்த ஜேக்கப் சாண்டி, வேலூர் சிஎம்சியில் 1949-ல் நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1950-களிலேயே அங்கே வலிப்புக்கு அறுவை நடந்திருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1995 முதல் இதற்கென்றே தனித் திட்டம் நடத்துகிறது. தென் மாவட்டங்களிலிருந்து ரயிலேறிப் போகும் குடும்பங்கள் நிறைய. பெங்களூரு நிமான்ஸ், கொச்சி அமிர்தா, டெல்லி எய்ம்ஸ் ஆகிய இடங்களிலும் செய்கிறார்கள்.

செலவு இடத்துக்கு இடம் மாறும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ ஆயுஷ்மான் அட்டையோ இருந்தால், எந்தச் சோதனை, எந்த அறுவை அதில் அடங்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்ட்டரில் படுக்கை போடுவதற்கு முன்பே கேளுங்கள். அரசு நிறுவனங்களில் வரிசை நீளம். அதற்காகவும் சீக்கிரம் பெயரைப் பதிந்துவிடுவது நல்லது.

வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பெண் குழந்தை, தலையில் தழும்பு இருந்தால் நாளை கல்யாணம் ஆகுமா என்கிறார்கள்.

தழும்பு முடிக்குள் மறைந்துவிடும். வலிப்பு மறையாது. பாட்டியையும் தாத்தாவையும் அடுத்த முறை கூட்டி வாருங்கள், படத்தை அவர்களுக்கும் காட்டிப் பேசுகிறேன். பல வீடுகளில் தடையாக இருந்த பாட்டிதான் பிறகு மருத்துவமனையில் இரவெல்லாம் கண் விழித்திருந்தார்.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. "வயிற்றில் இருக்கும்போது நான் கிரகணம் பார்த்ததாலா, ஏதோ சாப்பிட்டதாலா" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை அம்மா. இது நீங்கள் செய்த எதனாலும் வந்ததில்லை.

முதல் தடவை வரும்போது என்ன எடுத்து வர வேண்டும்?

பழைய எம்ஆர்ஐ சிடி, இஇஜி தாள்கள், பிறந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டு. பிறந்தவுடன் சர்க்கரை குறைந்ததா, மூச்சுத் திணறியதா, இன்குபேட்டரில் வைத்தார்களா என்பது அதில் இருக்கும். இதுவரை கொடுத்த மருந்துகளை ஒரு தாளில் எழுதுங்கள்: பெயர், அதிகபட்ச அளவு, எத்தனை மாதம், ஏன் நிறுத்தினார்கள். காலி சிரப் பாட்டில்கள், மாத்திரை அட்டைகள் இருந்தால் அப்படியே பையில் போட்டு வாருங்கள். ஒரு மாதத்துக்கு வலிப்பு வந்த நாட்களை காலண்டரில் குறித்து, அந்தத் தாளைக் கிழித்து எடுத்து வந்தாலே போதும். செல்போன் வீடியோக்களை அழித்துவிடாதீர்கள். குழந்தையைத் தினமும் பார்த்துக்கொள்பவர் யாரோ, அவர் கட்டாயம் வர வேண்டும்.

அன்று காலை மருந்தை வழக்கம்போலக் கொடுத்துவிட்டே கிளம்புங்கள். மதிய டோஸையும் கையோடு எடுத்து வாருங்கள், எங்கள் ஓபியில் நேரம் ஆகும்.